நாள் ரேட்டா, மாதச் சம்பளமா? ஐடிக்காரர்கள் கணக்கைத் தவறவிடும் இடங்கள்

"கான்ட்ராக்ட் ரோல், ஒரு நாளைக்குப் பத்தாயிரம், ஓகேவா சார்?" என்று கன்சல்டன்சியிலிருந்து போன் வந்தால், பெரும்பாலோர் உடனே ரேட்டைப் பேரம் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பணம் எந்த வழியாக வரும்?

கான்ட்ராக்ட் என்ற ஒரே பெயரில் இங்கே இரண்டு ஏற்பாடுகள் ஓடுகின்றன. ஒன்றில், ஆள் அனுப்பும் நிறுவனம் உங்களைத் தன் பேரோலில் வைத்துக்கொண்டு கிளையண்ட் அலுவலகத்துக்கு அனுப்பும். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடிப்பார்கள், சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் சான்றான ஃபார்ம் 16 தருவார்கள். சட்டப்படி நீங்கள் சம்பளக்காரர்தான். மற்றதில், மாதக் கடைசியில் நீங்கள் இன்வாய்ஸ் போட வேண்டும். பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு மீதி வரும். பிஎஃப், கிராஜுவிட்டி (பணிக்கொடை), குரூப் இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது. முதல் வகைக்குச் சரியான ரேட்டை இரண்டாம் வகைக்கு ஒப்புக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது பெருக்கல். பத்தாயிரத்தை 22 நாளாலும் 12 மாதத்தாலும் பெருக்கி 26 லட்சத்து 40 ஆயிரம் என்று மனம் குறித்துக்கொள்கிறது. சனி, ஞாயிறு போனால் வருடத்தில் 261 நாள். அதில் கிளையண்ட் அலுவலகத்தின் பண்டிகை விடுமுறை ஒரு 11 நாள் போகட்டும். காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா என்று உங்கள் சொந்த லீவு 15. ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது அமைய ஆறு வாரம் என்றால் இன்னும் 30 நாள். மிச்சம் 205. கையில் வருவது இருபதரை லட்சம். தீபாவளிக்கு ஊருக்குப் போவதற்கும் இதில் விலை உண்டு என்பதை முதல் வருடம் யாரும் நம்புவதில்லை.

எதிர்ப்பக்கம் நிற்கும் சிடிசியும், அதாவது நிரந்தர வேலைக்கு நிறுவனம் சொல்லும் மொத்த வருடச் செலவுக் கணக்கும், யோக்கியமான எண் இல்லை. நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு, ஐந்து வருடம் கழித்து வரக்கூடிய கிராஜுவிட்டி, வந்தால் வரும் வேரியபிள் பே, இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் சேர்த்து ஊதிப் பெருக்கியதுதான் அது. ஆகவே ஊதிப் பெருத்த எண்ணை ஊதிப் பெருத்த எண்ணோடு ஒப்பிடாமல், வருடத்தில் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும் தொகையையும் பிஎஃபில் சேர்வதையும் மட்டும் இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள்.

இன்வாய்ஸ் பக்கம் பலர் சாய்வதற்கு உண்மையான காரணம் வரிதான். ஆடிட்டர்கள் 44ஏடிஏ என்று சொல்லும் ஏற்பாடு அது (புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் வேறு). தொழில்முறை ஆலோசகரின் வரவு 75 லட்சத்துக்குள் இருந்து, ரொக்கமாக வந்தது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம். 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. அப்படியென்றால் 24 லட்சம் பில் போட்டவருக்கு வரி பூஜ்யம். அதே 24 லட்சத்தைச் சம்பளமாக வாங்குபவர், 75,000 ரூபாய் நிலைக் கழிவு போக, செஸ்ஸோடு 2,92,500 ரூபாய் கட்ட வேண்டும். இந்த இடைவெளி பெரியது. இதைக் கணக்கில் எடுக்காமல் "நிரந்தர வேலைதான் நல்லது" என்று சொல்பவர்களும் தவறுதான் செய்கிறார்கள்.

ஆனால் இந்தச் சலுகைக்குப் பின்னால் நாலைந்து வில்லங்கங்கள் வரிசையில் நிற்கின்றன. பிடித்த டிடிஎஸ் 2 லட்சத்து 40 ஆயிரம், வருமான வரி ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை உங்கள் கையில் இருக்காது. வரி வருமளவுக்குச் சம்பாதித்தால் மார்ச் 15-க்குள் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். ஒரே கிளையண்ட், ஒன்பது மணி பஞ்ச், லீவுக்கு மேனேஜரின் அனுமதி என்றிருந்தால், "இது சம்பளம்தானே" என்று வரித்துறை கேட்க இடமிருக்கிறது. பழைய அலுவலகமே உங்களை ராஜினாமா செய்யச் சொல்லி, மறுநாள் அதே நாற்காலியில் கன்சல்டன்டாக உட்காரவைக்கும் ஏற்பாட்டில் இது இன்னும் பலமாகக் கேட்கப்படும்.

வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். உள்ளூர் கிளையண்ட் என்றால் 18 சதவீதம். ஒப்பந்தத்தில் "ஜிஎஸ்டி தனி" என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டால், பத்தாயிரம் ரூபாய் ரேட் உண்மையில் 8,475 ஆகிவிடும். வெளிநாட்டுக் கிளையண்டுக்கு, எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தை ஜிஎஸ்டி துறைக்குக் கொடுத்து வரியில்லாமல் பில் போடலாம். பதிவும் ரிட்டர்னும் அப்போதும் உண்டு.

வீட்டுக்கடன் விஷயத்தில் மாட்டிக்கொள்பவர்கள்தான் பாவம். சம்பளக்காரரிடம் சில மாத பேஸ்லிப்பும் ஃபார்ம் 16-உம் கேட்கும் வங்கி, சொந்தமாகச் சம்பாதிப்பவரிடம் இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்கும். அந்த ரிட்டர்னில் நீங்கள் பாதி வருமானத்தைத்தானே காட்டியிருப்பீர்கள்? கடன் தகுதியும் அதற்கேற்பச் சுருங்கும். தாம்பரத்திலோ சிறுசேரியிலோ ஃபிளாட் பார்த்து வைத்திருப்பவர், கடனை வாங்கி முடித்துவிட்டு வேலை மாறுவது நல்லது.

பணம் வரும் தேதியையும் யாரும் கேட்பதில்லை. ஏப்ரல் மாத வேலைக்கு ஏப்ரல் 30 அன்று இன்வாய்ஸ், 60 நாள் தவணை என்றால் முதல் காசு ஜூன் கடைசியில். மூன்று மாத வீட்டுச் செலவும் இஎம்ஐயும் கையில் இல்லாமல் இறங்கக் கூடாது. சிறுதொழில்களைப் பதிவுசெய்யும் அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொண்டால் 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கச் சட்டப்படி முடியாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். அடுத்த ப்ராஜெக்டும் அதே இடத்தில் வேண்டுமென்பதால் யாரும் வட்டி கேட்பதில்லை என்பது வேறு. ஆனாலும் பதிவு எண்ணை இன்வாய்ஸில் அச்சிட்டாலே சில அக்கவுண்ட்ஸ் துறைகள் சுறுசுறுப்பாகின்றன.

மருத்துவக் காப்பீட்டை வேலையை விட்டபின் எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குத் தனிநபர் பாலிசியில் மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் உண்டு. அப்பா அம்மாவை ஆபீஸ் பாலிசியில் சேர்த்திருப்பவர்கள், ராஜினாமா பேப்பர் போடும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசிக்கு மாற்றக் கேட்டால் ஏற்கெனவே காத்திருந்த காலம் கணக்கில் சேரும்.

நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி கிடைக்க ஐந்து வருடம் வேண்டும். கிராஜுவிட்டிக்குக் கணக்கில் வரும் மாதச் சம்பளம் 60,000 என்றால், ஐந்து வருடத்துக்கு அது 1,73,000 ரூபாய்க்குச் சற்று மேல். நாலு வருடமும் 240 நாளும் முடித்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எல்லா எச்ஆரும் அதைத் தானாகக் கடைப்பிடிப்பதில்லை. நாலரை வருடத்தில் இருப்பவர் புது இடத்தில் சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கேட்டால் நஷ்டமில்லை.

பெர்மனென்ட் என்ற பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, போகப்போகிறவர்கள் நிரந்தர ஊழியர்கள்தான். வித்தியாசம் நோட்டீஸில்: நிரந்தர வேலையில் பெரும்பாலும் 90 நாள், கான்ட்ராக்டில் 30, சில சமயம் 15. நாலைந்து வருடமே அனுபவம் உள்ளவர்களுக்கு என் யோசனை, இப்போதைக்குச் சம்பளத்திலேயே இருங்கள் என்பதுதான். கான்ட்ராக்டரை ஏற்கெனவே தெரிந்த வேலைக்குத்தான் எடுப்பார்கள். காசு செலவழித்துக் கற்றுத்தர மாட்டார்கள்.

"ஆறு மாசத்துல பெர்மனென்ட் ஆக்கிடுவாங்க" என்று ரெக்ரூட்டர் சொன்னால், அதை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்தத் தேதியில், எந்தச் சம்பளத்தில், யார் முடிவெடுப்பார்கள் என்று. தர மறுத்தால் அதை வெறும் ஆறு மாத வேலையாகவே வைத்து ரேட்டைக் கேளுங்கள்.