டிக்கெட் போடும்போதே பேசியிருக்கலாம்: பயணம் முடிந்து வீட்டுக்குப் போவதில் நடக்கும் தவறுகள்

கொரோனாவின் இரண்டாம் ஆண்டில் ஒரு மாலை. அக்கா பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். மழையில் நனைந்த பெட்டிச் சக்கரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே அப்பா. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்குபவர். நான் கதவைப் பாதி திறந்து, "அக்கா, உள்ளே வராதே, ரெண்டு நாள் மாடியில இரு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வந்த காரிலேயே திரும்பிப் போய்விட்டாள். அப்புறம் நான்கு மாதம் என்னோடு பேச்சில்லை.

நான் சொன்ன விஷயம் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். (இரண்டு நாள் என்ற கணக்கு தப்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) சொன்ன இடமும் நேரமும்தான் தப்பு. அவள் டிக்கெட் போட்டதற்கும் வாசலில் வந்து நின்றதற்கும் நடுவே மூன்று வாரம் இருந்தது. அதற்குள் பத்து முறையாவது போனில் பேசியிருப்போம். வேலை, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, யார் யாருக்கு என்ன உடம்பு, எல்லாம் பேசினோம். இதை மட்டும் யாரும் எடுக்கவில்லை. தம்பி ஒன்றும் சொல்லவில்லையே, அப்படியென்றால் பிரச்சினை இல்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். அப்பாவின் உடம்பு தெரிந்தவள்தானே, தானாகவே ஏதாவது ஏற்பாட்டோடு வருவாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கேட்டுப் பார்த்த வரையில் பல வீடுகளில் இதே கதைதான். சண்டை கிருமியைப் பற்றி இருப்பதே இல்லை. எப்போது சொன்னாய், யாரைக் கேட்டு முடிவு செய்தாய், எனக்கு ஒரு சட்டம் அவனுக்கு ஒரு சட்டமா என்பதுதான் சண்டை.

வாசலில் வைத்துப் பேசுவதை அதனால்தான் முதல் தவறாகச் சொல்கிறேன். டிக்கெட் போட்டு, லீவு வாங்கி, பெட்டி கட்டி, கிளம்பி வந்தவரிடம் சொல்லப்படும் எந்த நிபந்தனையும் "வராதே" என்றுதான் காதில் விழும். அதையே டிக்கெட் போடுவதற்கு முன் சொன்னால் வெறும் ஏற்பாடு. அப்போது கேட்டுவிட வேண்டியவை நாலைந்துதான்: வந்ததும் எங்கே தங்குவது, எத்தனை நாள் கழித்து எல்லோரோடும் கலப்பது, பரிசோதனை எந்தெந்த நாளில், நடுவில் யாருக்காவது தொண்டை கரகரத்தால் என்ன செய்வது, பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால் நஷ்டம் யாருடையது. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். ஆனால் "இவ்வளவு செலவு பண்ணிட்டேனே" என்ற நினைப்பு பின்னால் எத்தனை பேரை இருமலை மறைக்க வைத்தது என்று யோசித்தால் கூச்சம் போய்விடும்.

நெகட்டிவ் சான்றிதழ் அனுமதிச் சீட்டு ஆகாது

வெள்ளிக்கிழமை பரிசோதனை, சனிக்கிழமை பயணம், ஞாயிற்றுக்கிழமை பாட்டியைக் கட்டிப்பிடிப்பது. பலரும் போட்ட கணக்கு இது. "டெஸ்ட் எடுத்தாச்சு, நெகட்டிவ்" என்றதும் வீட்டில் வாதம் முடிந்துவிடும். இனி என்ன சொன்னாலும் சொல்பவர்தான் சந்தேகப் பிராணி.

அந்தக் காகிதம் வெள்ளிக்கிழமை மூக்கில் என்ன இருந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. சனிக்கிழமை வரிசையில் நின்றபோது ஒட்டிக்கொண்டது அதில் வராது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுத்தாலும் பெரும்பாலும் வராது. ஆய்வகத்தில் செய்யும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை தொற்றை எந்த நாளில் எவ்வளவு தவறவிடுகிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2020-ல் கணக்கிட்டார்கள். தொற்றிய முதல் நாளில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே நெகட்டிவ் என்றுதான் வரும். நான்காம் நாளில்கூட 67 சதவீதம் தவறிவிடும். அறிகுறி தொடங்கும் ஐந்தாம் நாளில் 38 சதவீதம், எட்டாம் நாளில் 20 சதவீதம். கிருமி பெருக நாள் எடுக்கும், பெருகிய பிறகுதான் பரிசோதனையில் சிக்கும், அவ்வளவுதான் விஷயம். ஆகவே கிளம்பும் முன் எடுப்பதைவிட, போய்ச் சேர்ந்து சில நாள் பொறுத்து எடுப்பதற்கு மதிப்பு அதிகம். வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆன்டிஜன் கிட் ஒரு முறை நெகட்டிவ் காட்டினால் நம்பிவிடக் கூடாது. அறிகுறி இல்லாதவர்கள் 48 மணி நேர இடைவெளியில் மூன்று முறை எடுக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் சொன்னது.

நான் அக்காவிடம் சொன்ன இரண்டு நாள் ஏன் தப்பு என்பது இப்போது தெரிந்திருக்கும். இரண்டு நாளில் கிருமி இருந்தாலும் காட்டாது. அவளுக்கு அவமானம், அப்பாவுக்குப் பாதுகாப்பும் இல்லை. அரைகுறையாகச் செய்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

"எனக்குத்தான் காய்ச்சல் இல்லையே" என்பதும் இதே ரகம். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரப்ப முடியும் என்பதுதான் கொரோனாவை அவ்வளவு தொல்லையாக்கியது. நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினால் அது தெரியாது.

ஆளுக்கொரு வருடத்துச் சட்டம்

மாமா 14 நாள் என்பார். அண்ணன் ஏழு போதும் என்பான். சித்தி மகள் மூன்று நாள் என்பாள். மூன்று பேரும் எங்கோ படித்ததைத்தான் சொல்கிறார்கள், ஆனால் வெவ்வேறு காலத்தில் படித்ததை. அறிகுறி வருபவர்களில் 97.5 சதவீதம் பேருக்கு 11.5 நாளுக்குள் வந்துவிடுகிறது என்று 2020-ன் தொடக்கத்திலேயே ஒரு கணக்கு வந்தது. 14 நாள் என்ற எல்லைக்கு அது பொருந்தியது. அந்த டிசம்பரிலேயே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், அறிகுறி இல்லாவிட்டால் 10 நாள், ஐந்தாம் நாளிலோ அதற்குப் பிறகோ எடுத்த பரிசோதனை நெகட்டிவ் என்றால் 7 நாள் என்று குறைத்தது. பிறகு ஒமைக்ரான் என்ற உருமாறிய கொரோனா வந்தபோது, தொற்றியதிலிருந்து அறிகுறி வர ஆகும் காலமே சராசரியாக மூன்று நாள் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ராகுசா நகரம் (இன்றைய குரோஷியாவின் டுப்ரோவ்னிக்) 1377-ல் கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வந்தவர்களை 30 நாள் தள்ளி வைத்தது. வெனிஸ்காரர்கள் அதை 40 ஆக்கினார்கள், குவாரன்டீன் என்ற சொல்லே அந்த நாற்பதிலிருந்து பிறந்ததுதான். நாள் கணக்கில் சண்டை போடுவது நமக்கு முன்பே ஆரம்பித்த பழக்கம்.

அதனால் எத்தனை நாள் என்று மோதுவதற்கு முன், எந்த வருடத்து விதியைப் பேசுகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தந்த நேரத்தில் சுகாதாரத் துறை சொல்வதையும், நோயாளி இருந்தால் அவரைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதையும் எடுத்துக்கொண்டால் பாதிப் பேச்சு மிச்சம்.

பெட்டியைக் கழுவிக்கொண்டிருப்பது பற்றி ஒரு வரி. பொருளைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லிவிட்டது. வாசலிலேயே துணி மாற்றச் சொல்லி, பைகளுக்கெல்லாம் மருந்தடித்து, அப்புறம் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரே அறையில் பத்துப் பேர் மாஸ்க்கைக் கழற்றி மூன்று மணி நேரம் சாப்பிட்டுப் பேசுவதில் என்ன லாபம்? ஜன்னலைத் திறப்பது, வெளியே நாற்காலி போடுவது, சாப்பிடும்போது மட்டுமாவது தள்ளி உட்காருவது, இவற்றுக்குப் பலன் அதிகம். யாருக்கும் மனம் நோகவும் செய்யாது.

யார் சொல்வது, யாரிடம் சொல்வது

என் கருத்து இது, மாற்றுக் கருத்து இருக்கலாம்: போகிற வீட்டின் விதிதான் விதி. அந்த வீட்டிலும், நோய் வந்தால் அதிகம் அடிபடக்கூடியவரும் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரும் சேர்ந்து சொல்வதுதான் முடிவு. மற்றவர்கள் ஆலோசனை சொல்லலாம், அவர்களுக்கு ஓட்டு கிடையாது.

இதில் நாம் செய்யும் பெரிய அநியாயம், பாட்டியைக் கேட்காமலேயே பாட்டிக்காகச் சண்டை போடுவது. ஒரு பக்கம் "பாட்டிக்கு ஏதாவது ஆனா யார் பொறுப்பு" என்பார்கள், மறுபக்கம் "பாட்டி ஏங்கிப் போயிருக்காங்க" என்பார்கள். பாட்டி அடுத்த அறையில்தான் இருப்பார். கேட்டால், "இன்னும் எத்தனை நாளோ, எனக்குப் பேரனைப் பார்த்தா போதும்" என்று சொல்லக்கூடும். "எனக்குப் பயமா இருக்கு, நான் எப்படி வேண்டாம்னு சொல்வேன்" என்றும் சொல்லக்கூடும். இரண்டாவது பதில் நாம் நினைப்பதைவிட அதிகம் வரும். தனியாக உட்கார்ந்து கேட்டால்தான் வரும்.

அடுத்தது, மருமகள் தலையிலோ மாப்பிள்ளை தலையிலோ போடுவது. "எனக்கு ஒண்ணுமில்லம்மா, அவதான் வேண்டாங்கறா." சொன்னவருக்கு அந்த நிமிடம் தப்பியாயிற்று. அவளுக்கு அது வருடக்கணக்கில் நிற்கும். அவரவர் பெற்றோரிடம் அவரவர் பேச வேண்டும், "நாங்க முடிவு பண்ணியிருக்கோம்" என்று. வாட்ஸ்அப் குழுவில் முடிவை மட்டும் போடுங்கள், விவாதத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் பார்க்க ஒருவரும் தன் பேச்சிலிருந்து இறங்கி வர மாட்டார்.

விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். போன மாதம் ஒரு பிள்ளை நேரே உள்ளே வந்து படுக்கையில் உட்கார்ந்தான் என்றால், இந்த மாதம் இன்னொருவரிடம் ஐந்து நாள் என்பது எடுபடாது. முன்பு தளர்வாக இருந்தது தப்பு என்று தோன்றினால் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

வார்த்தையும் கவனிக்க வேண்டியது. எச்சரிக்கையாக இருப்பவர் "உனக்குப் பொறுப்பே இல்லை" என்பார். வருபவர் "என்னை நோயாளி மாதிரி நடத்தறீங்க" என்பார். "அப்பாவோட மாத்திரை அப்படி, சின்ன கிருமிகூட அவருக்குப் பெரிசு" என்று காரணத்தைச் சொன்னால் வருபவரின் குணம் பேச்சுக்கே வராது. முடிந்தால் எத்தனையாம் நாள் என்னென்ன சேர்ந்து செய்யலாம் என்றும் கூடவே சொல்லுங்கள். வெறும் "வேண்டாம்" கேட்டவர் சுருங்கிப் போவார்; "புதன்கிழமை வரை வராந்தா, வியாழன் உள்ளே" என்பது அழைப்பு.

உடம்பு சரியில்லை என்று வருபவர் சொன்னால் திட்டக் கூடாது. ஒரு தடவை திட்டு வாங்கியவர் அடுத்த தடவை மாத்திரை போட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்து நிற்பார். பின்னால் வீட்டில் யாருக்காவது தொற்று வந்துவிட்டால் யார் கொண்டுவந்தது என்று தேடுவதும் வீண்தான். கடைக்குப் போனவர், ஆஸ்பத்திரிக்குப் போனவர், பள்ளிக்கூடம் போன குழந்தை என்று வழி பல இருக்க, நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அக்கா அடுத்த முறை வருவதற்கு ஒரு மாதம் முன்பே போன் செய்தாள். "டிக்கெட் போடலை இன்னும். உன் கண்டிஷனைச் சொல்லு." சொன்னேன். அப்பாவும் பக்கத்தில் இருந்து இரண்டு சேர்த்தார். ஆறு நாள் மாடியறையில் இருந்தாள். மாலையில் வராந்தாவின் அந்தக் கோடியில் அவள் நாற்காலி, இந்தக் கோடியில் அப்பாவின் நாற்காலி. அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் இருவரும் கத்தித்தான் பேசினார்கள், பக்கத்து வீட்டுக்கெல்லாம் எங்கள் குடும்பக் கதை தெரிந்துபோயிற்று. ஏழாம் நாள் மூன்றாவது கிட்டைக் காட்டிவிட்டு உள்ளே வந்தவள், பெட்டியை வைத்ததும் என்னைப் பார்த்து, அன்றைக்கு மழையில் நிற்க வைத்ததை இன்னும் மறக்கவில்லை என்றாள்.