செடிக்குக் கரியமில வாயு: எங்கே கோட்டை விடுகிறோம்?

செடி சோம்பி நின்றால் கரியமில வாயுவைத் திறந்துவிடலாம் என்ற யோசனை சிலருக்குச் சட்டென்று வந்துவிடுகிறது. அங்கேயே தொடங்குகிறது முதல் தவறு. எது பற்றாக்குறையாக இருக்கிறதோ அதுதான் ஒளிச்சேர்க்கையின் வேகத்தைத் தீர்மானிக்கும் என்று 1905-லேயே தாவரவியலாளர் பிளாக்மன் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் அந்தப் பற்றாக்குறை அநேகமாக வெளிச்சம்தான். வெளிக்காற்றில் இந்த வாயு இன்று 420 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) தாண்டிவிட்டது. ஆட்கள் புழங்கும் மூடிய அறையில் நம் மூச்சே அதை ஆயிரத்துக்குக் கொண்டுபோகும். வரவேற்பறைத் தொட்டிக்குச் சிலிண்டர் வாங்குவது விழலுக்கு இறைத்த நீர்.

வலுவான வளர்ப்பு விளக்குகள் உள்ள தனி அறை என்றால் கதை வேறு. அங்கே எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டபடி வாயுவைத் திறப்பதுதான் பெரிய வீண். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் கொண்ட அறையை 400-லிருந்து 1,000 பிபிஎம்முக்கு உயர்த்த வேண்டியது வெறும் 13.5 லிட்டர், அதாவது சுமார் 25 கிராம் வாயு. இவ்வளவு சொற்பமானதை ஃபேன் சில நிமிடங்களில் வெளியே தள்ளிவிடும். ஃபேனை நிறுத்தினாலோ வெப்பமும் ஈரப்பதமும் ஏறும். அதற்கும் வழி வைத்திருக்க வேண்டும். சிலிண்டருக்குப் பதில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டில்? ஒரு கிலோ சர்க்கரை முழுவதும் நொதித்தாலும் கிடைப்பது அரைக் கிலோ வாயு, அதுவும் பல நாட்களில் சொட்டுச் சொட்டாக.

விளக்கு அணைந்த பிறகு வாயு விடுவதில் பயனே இல்லை. இருட்டில் செடியும் நம்மைப் போல அதை வெளியிடத்தான் செய்கிறது. வால்வையும் விளக்கையும் ஒரே டைமரில் இணையுங்கள்.

அளவு கூடினால் பலன் கூடும் என்பதும் கணக்குப் பிசகு. பெரும்பாலான செடிகளுக்கு 800 முதல் 1,200 பிபிஎம் போதும். 1,500-க்கு மேல் காசு கரைவதுதான் மிச்சம். மக்காச்சோளம், கரும்பு போன்றவை தமக்குள்ளேயே வாயுவைச் செறிவூட்டிக்கொள்வதால் அவற்றுக்கு இதனால் பெரிய ஆதாயமில்லை.

கரியமில வாயுவுக்காக எரிவாயு பர்னர் வைப்பவர்கள் சுடரைக் கவனிக்க வேண்டும். நீலம் மாறி மஞ்சளாக எரிந்தால் எரிதல் அரைகுறை என்று பொருள். நமக்கு நஞ்சான கார்பன் மோனாக்சைடும் செடியைக் கெடுக்கும் எத்திலீன் வாயுவும் வரும். மண் ஈரமாக இருக்கும்போதே தக்காளி இலைக்காம்புகள் கீழே வளைந்து தொங்கினால் எத்திலீனைச் சந்தேகியுங்கள். தண்ணீர் ஊற்றிப் பயனில்லை.

வாயுவின் அளவைக் காட்டும் மீட்டரிலும் ஒரு வேடிக்கை உண்டு. செடியைக் கத்தரிக்கக் குனிந்தபோது எண் கிடுகிடுவென ஏறியதைப் பார்த்து, கருவி பழுதென்று நினைத்துவிட்டேன். நாம் விடும் மூச்சில் சுமார் 40,000 பிபிஎம் இருக்கிறது! சென்சாரை ஆள் நிற்கும் இடத்திலோ வாயு வரும் குழாயின் வாயிலோ மாட்டாமல், இலைகளின் உயரத்தில் மாட்டுங்கள்.

அறைக் காற்றே அந்த 40,000-ஐ எட்டினால் உயிருக்கு ஆபத்து. எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு 5,000 மட்டுமே. இந்த வாயுவுக்கு மணமும் நிறமும் இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். ஆகவே சிலிண்டரைப் படுக்கையறையில் வைக்கக் கூடாது. நிமிர்த்திச் சங்கிலியால் கட்ட வேண்டும். வாயு கூடிவிட்டதென்று எச்சரிக்கை மணி ஒலித்தால் வால்வை மூட உள்ளே ஓடாதீர்கள்.