உப்புத் தண்ணிக்கு எந்த டைட்ரேஷன்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர்வெல் தண்ணீரைக் குடித்து முகம் சுளிப்பவரும் 'உப்புத் தண்ணி' என்பார். சோப்பு நுரைக்கவில்லை, அண்டாவில் வெள்ளைப் படிவு கட்டுகிறது என்பவரும் அதையே சொல்வார். ஆய்வகத்தில் இவை இரண்டு கேள்விகள். முதலாமவருக்குக் குளோரைடு பார்க்க வேண்டும், இரண்டாமவருக்குக் கடினத்தன்மை. செறிவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாக விட்டு, வினை முடியும்போது செலவான அளவிலிருந்து தேடும் பொருளைக் கணக்கிடுவதுதான் டைட்ரேஷன் (பாடநூலில் தரம்பார்த்தல்). தேடும் பொருள் எதோடு முழுமையாக வினைபுரிகிறதோ, அதை வைத்துத்தான் அதன் வகை அமைகிறது.

கடினத்தன்மைக்கு, அதாவது கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்துக்கு, அணைவு வகை: இ.டி.டி.ஏ. என்ற சேர்மம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். 50 மி.லி. தண்ணீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, அம்மோனியா - அம்மோனியம் குளோரைடு தாங்கல் கரைசல் (பி.எச். மாறாமல் காப்பது) 1 அல்லது 2 மி.லி. விட்டு பி.எச். 10க்குக் கொண்டுவரவும். நிறம் மாறி முடிவைக் காட்டும் நிலைகாட்டியான எரியோகுரோம் பிளாக் டி ஒரு சிட்டிகை போட்டால் ஒயின் சிவப்பு வரும். அளவுக்கோடிட்ட குழாயான பியூரெட்டிலிருந்து 0.01 மோலார் இ.டி.டி.ஏ. விட்டு, சிவப்புச் சாயல் துளியும் இல்லாத நீலத்தில் நிறுத்தவும். செலவான மி.லி.யை 20ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மி.கி. கால்சியம் கார்பனேட் என்று கிடைக்கும்: 12.4 மி.லி. என்றால் 248. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்லும் ஏற்கத்தக்க அளவு 200. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை.

தாங்கல் கரைசல் விட்ட 5 நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். தாமதித்தால் கால்சியம் கார்பனேட் வீழ்படிந்து, வந்த நீலம் மறுபடி சிவக்கும். 15 மி.லி.க்கு மேல் செலவானால் 25 மி.லி. தண்ணீரை வாலைவடிநீரால் 50 ஆக்கி, 40ஆல் பெருக்கவும். வினை மெதுவானது என்பதால் கடைசித் துளிகளுக்கு இடையே 3 முதல் 5 விநாடி விடவும். நிறம் இழுத்துக்கொண்டே போனால் இரும்போ தாமிரமோ நிலைகாட்டியைப் பிடித்துவைத்திருக்கிறது. இல்லையென்றால் நிலைகாட்டிக் கரைசல் பழசு. சாயம் 0.5 கிராமை 100 கிராம் சோடியம் குளோரைடுடன் அரைத்துப் பொடியாக வைத்துக்கொண்டால் இரண்டாவது தொல்லை இல்லை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரக் காரணமான ஃபுளோரைடு இதில் அகப்படாது. கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் ஃபுளோரைடு அதிகம் கரைந்து நிற்க முடியும். ஆகவே கடினத்தன்மை எண் சிறியது என்று 'நல்ல தண்ணி' என எழுதிக் கொடுக்கக் கூடாது. ஃபுளோரைடுக்கு, அந்த அயனியை உணரும் அயனித் தேர்வு மின்முனை போன்ற வேறு முறை வேண்டும்.

வாய்க்கு உப்புக் கரிக்கிறதா? அதற்கு வீழ்படிவு வகை, அதாவது மோர் முறை. 100 மி.லி. தண்ணீர், 5% பொட்டாசியம் குரோமேட் 1 மி.லி., பியூரெட்டில் 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட். மஞ்சளில் செங்கல் நிறம் தலைகாட்டி நிலைத்தால் முடிவு. வெறும் வாலைவடிநீருக்கும் 0.2, 0.3 மி.லி. செலவாகும்; அதைக் கழித்து 5ஆல் பெருக்கினால் லிட்டருக்கு மி.கி. குளோரைடு. பி.எச். 7க்கும் 10க்கும் இடையில் இருக்கட்டும். அமிலமானால் குரோமேட், டைகுரோமேட்டாக மாறி முடிவு தள்ளிப்போகும். காரம் மிகுந்தால் சில்வரே பழுப்பாக வீழ்படியும்.

தண்ணீரை விட்டு, கிருஷ்ணகிரி மாங்கூழின் புளிப்பைப் பார்க்க அமில-கார வகை. 10 கிராம் கூழைக் கொதித்து ஆறிய வாலைவடிநீரில் கலக்கி, பினாப்தலீன் சில துளி விட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் 30 விநாடி நிலைக்கும் இளஞ்சிவப்பு வரை பார்க்கவும். மி.லி.யை 0.064ஆல் பெருக்கினால் சிட்ரிக் அமிலச் சதவீதம். கூழின் மஞ்சள் கண்ணை ஏமாற்றும், பி.எச். மீட்டர் இருந்தால் 8.1இல் நிறுத்துவதே மேல். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து வலு குறையும். 0.4084 கிராம் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டுக்கு அது 20 மி.லி. செலவாகிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும்.

மேல்நிலைத் தொட்டிக்கு வாங்கிய பிளீச்சிங் பவுடர் வீரியத்தோடு இருக்கிறதா என்பது ஆக்சிஜனேற்ற - ஒடுக்கக் கேள்வி. 2.5 கிராமைத் தண்ணீர் விட்டு அரைத்து 250 மி.லி. ஆக்கவும். படியவிடாமல் குலுக்கி 25 மி.லி. எடுத்து, பொட்டாசியம் அயோடைடு 2 கிராம், அடர் அசிட்டிக் அமிலம் 10 மி.லி. சேர்த்து, குளோரினுக்கு ஈடாக வெளிவரும் அயோடினை 0.1 நார்மல் தயோசல்ஃபேட்டால் பார்க்கவும். மி.லி. × 1.418 = குளோரின் சதவீதம். இங்கே நிலைகாட்டியான ஸ்டார்ச்சை முதலிலேயே ஊற்றிவிடுவதுதான் இதில் நடக்கும் பெரும் தவறு. அயோடின் அதற்குள் சிக்கிக்கொண்டு லேசில் வெளிவராது. வைக்கோல் மஞ்சளாக வெளுத்த பிறகே விடவும், நீலம் மறைந்தால் முடிவு.