படம் பிடிக்கும்போதே தரவைச் சரிபார்ப்பது எப்படி

மாதிரியை உறையவைத்துப் பார்க்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே தரவை அலசத் தொடங்கிவிடுங்கள். எல்லாம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால், கெட்டுப்போன கிரிட்டில் (மாதிரியைத் தாங்கும் சிறு வலைத்தட்டு) இரவு முழுக்க வீணாகும்.

முதலில் கெயின் ரெஃபரன்ஸ், அதாவது கேமரா பிக்சல்களின் உணர்திறன் வேறுபாட்டைச் சமன்செய்யும் படம். அது திரும்பியோ தலைகீழாகவோ இருந்தால் பின்னால் வரும் எதுவும் தேறாது. அதைக்கொண்டு திருத்திய படங்கள் பலவற்றைக் கூட்டிப் பாருங்கள். அசையாத கோடுகளோ கட்டங்களோ தெரிந்தால் திசையைச் சரிபாருங்கள்.

ஒரு கோப்பு முழுதாக எழுதி முடிந்த பிறகே மென்பொருள் அதைத் தொட வேண்டும். அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னால் போதும். பிறகு மோஷன்கார்2 என்ற நிரல் படத்தில் உள்ள அசைவைத் திருத்தும், சிடிஎஃப்ஃபைண்ட்4 என்ற நிரல் டீஃபோகஸை (குவியம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை) கணிக்கும்.

நான் கண்ணெடுக்காமல் பார்ப்பது பவர் ஸ்பெக்ட்ரத்தைத்தான்; எந்த அளவு நுண்விவரம் படத்தில் எவ்வளவு வலுவாக உள்ளது என்று அது காட்டும். அதில் ஒளியும் இருளுமாக மாறிமாறி வரும் தோன் வளையங்கள் வட்டமாக, வெளி விளிம்புவரை தெரிந்தால் நல்லது. நீள்வட்டமானால் அஸ்டிக்மாட்டிசம், அதாவது திசைக்குத் திசை குவியம் மாறுகிறது. ஒரு திசையில் மட்டும் மங்கினால் மாதிரி நகர்கிறது, ஸ்டேஜ் (மாதிரியைத் தாங்கி நகர்த்தும் மேடை) அடங்கக் கூடுதல் நேரம் கொடுங்கள். 3.7 ஆங்ஸ்ட்ராம் அருகே கூர்மையான வளையமோ புள்ளிகளோ வந்தால் மாதிரியைச் சுற்றியுள்ள பனி படிகமாகிவிட்டது; கிரிட்டின் அந்தச் சதுரத்தை உடனே விட்டுவிடுங்கள்.

படங்களிலிருந்து எடுத்த மூலக்கூறுத் துகள்கள் ஓரளவு சேர்ந்ததும் இருபரிமாண வகைப்படுத்தலை (ஒரே மாதிரி தெரியும் துகள்களைக் குழுவாக்கிச் சராசரி எடுப்பதை) ஓட்டுங்கள். எல்லாம் ஒரே கோணத்தில் படுத்திருந்தால், மீதிப் படங்களை ஸ்டேஜைச் சாய்த்து எடுங்கள்.