மேட் பெயிண்ட் வண்டியில் தேய்ப்பதுதான் முதல் தவறு

மேட் பெயிண்ட் காரில் எங்காவது ஓர் இடம் பளபளவென்று மின்னினால், அந்த இடம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். மற்ற வண்டிகளில் பழகிய கணக்கு இங்கே தலைகீழ். பெரும்பாலான மேட் வண்டிகள் கவனிப்பு இல்லாமல் கெடுவதில்லை, அதிகம் கவனித்துத்தான் கெடுகின்றன.

நிறத்தைத் தருவது அடியில் இருக்கும் பேஸ் கோட். வித்தியாசம் அதன் மேல் வரும் நிறமில்லாத கிளியர் கோட்டில் இருக்கிறது. சாதாரண கிளியர் கண்ணாடிபோல் சமமாகக் காயும். மேட் கிளியரில் நுண்ணிய சிலிக்கா துகள்கள் கலந்திருக்கும். காயும்போது படலம் சுருங்க, மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமாக நின்றுவிடும். விழும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால்தான் அந்த மங்கல் அழகு. பளபளப்பு மீட்டரை 60 டிகிரியில் வைத்தால் சாதாரண பெயிண்ட் 85, 90 என்று காட்டும். மேட் பெரும்பாலும் 30க்குள் நிற்கும். அந்த மேடுகள் ஒருமுறை மழுங்கினால் மழுங்கியதுதான். கியா செல்டோஸ் எக்ஸ் லைன் 2021இல் மேட் கிராஃபைட்டில் வந்தது. பிறகு ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளிலும் மேட் வந்தது. மஹிந்திரா பிஇ 6இல் இருக்கும் சாட்டின் நிறங்களில் மினுமினுப்பு கொஞ்சம் கூடுதல், பராமரிப்பு இதேதான்.

தினசரித் துடைப்பு

அடுக்ககங்களில் காலையில் வண்டி துடைப்பவரிடம் ஒரு பக்கெட்டும் ஒரு துணியும் இருக்கும். ஐந்தாறு வண்டிகளுக்கு அதே தண்ணீர். மூன்றாவது வண்டிக்கு வரும்போது அந்தத் துணியில் இருப்பது மணல். உலர்ந்த தூசியைத் தட்டும் பிரஷ்ஷும் அதே வேலையைத்தான் செய்கிறது. பளபளப்பு வண்டியில் இது மெல்லிய சுழல் கீறலாக விழும், பிறகு ரப்பிங் போட்டு எடுத்துவிடலாம். மேட்டில் அதுவே மினுங்கும் திட்டாக நிற்கும், எடுக்க வழியில்லை.

எங்கே முதலில் தெரியும் என்று பார்க்க வேண்டுமானால் வெயில் சாயும் நேரத்தில் வண்டியின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். டிக்கியை மூட உள்ளங்கை வைத்து அமுக்கும் இடம், கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் நகம் படும் குழி, பெட்ரோல் மூடியின் ஓரம். இந்த மூன்றும்தான் முதலில் எண்ணெய் தடவினாற்போல் ஆகும். புது வண்டி என்றால் இந்த இடங்களுக்காவது மேட் பிபிஎஃப் (பெயிண்டைக் காக்க மேலே ஒட்டும் ஒளிபுகும் படலம்) துண்டு ஒட்டிவிடுங்கள். துடைப்பவரிடம் கண்ணாடி, டயர், உள்பக்கம் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். தூசியோடு நிற்கும் மேட் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. வெளியே நிறுத்தும் வண்டிக்குப் போடும் கவரும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்: உள்ளே தூசி, வெளியே காற்று, நடுவில் உப்புத்தாள்.

கழுவும் முறை

ஆட்டோமேட்டிக் பிரஷ் வாஷ் கூடவே கூடாது. வண்டியை நிழலில் நிறுத்தி, போனட்டைத் தொட்டால் சூடு தெரியாத அளவு ஆறவிடுங்கள். பிரஷர் வாஷர் இருந்தால் விசிறிபோல் பரவும் நாசில் போட்டு, ஓரடிக்குக் குறையாத தூரத்திலிருந்து மேலிருந்து கீழாக அடித்து மண்ணை இறக்குங்கள். பிறகு இரண்டு 10 லிட்டர் பக்கெட்: ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் நனைத்து, ஒரு பேனல் அளவுக்கு நேர்க்கோட்டில் அழுத்தாமல் ஓட்டி, வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி ஷாம்பூவுக்கு வரவேண்டும். பம்பரின் அடிப்பகுதிக்கும் சக்கரங்களுக்கும் வேறு துணி.

ஷாம்பூ பிஎச் நடுநிலையாக இருக்க வேண்டும். பாட்டிலில் வேக்ஸ், கார்னௌபா, ஷைன் என்ற சொற்கள் இருந்தால் வாங்காதீர்கள். வேக்ஸ் அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு என்று வண்டி முழுக்கத் தேமல் விழுந்தாற்போல் ஆகிவிடும். பாத்திரம் துலக்கும் திரவம் பெயிண்டுக்கு மேலே போட்டிருக்கும் பாதுகாப்புக் கோட்டிங்கை உரித்துவிடும். துணி சோப்புத்தூள் பற்றிப் பேசவே வேண்டாம்.

நம் ஊரில் அதிகம் கவனிக்காமல் விடுவது தண்ணீரை. குடிநீருக்கே டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். போர் தண்ணீர் பல இடங்களில் அதைத் தாண்டும். அந்தத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும். கழுவும் தண்ணீர் எதுவானாலும் பரவாயில்லை, கடைசி அலசலுக்கு மட்டும் ஐந்தாறு லிட்டர் ஆர்ஓ தண்ணீரோ மழைத் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். உடனே பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள், இழுக்காதீர்கள். வட்டம் ஏற்கெனவே விழுந்திருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து நனைத்த துணியை இரண்டு நிமிடம் அதன் மேல் போட்டு, தாராளமாக அலசுங்கள். முதலில் கதவைத் திறந்து உள்விளிம்பில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எச்சம், தார், சந்தனம்

வெயிலில் கிளியர் கோட் இளகி விரியும், பறவை எச்சம் காய்ந்து சுருங்கும். இரண்டும் சேர்ந்து அச்சுப்போல் பள்ளம் விழ ஒரு மதிய வெயில் போதும். வண்டியிலேயே ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டில் தண்ணீரும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் இருக்கட்டும். நனைத்த துணியை எச்சத்தின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் போட்டுவைத்து, ஊறியதும் மேல்நோக்கி அள்ளி எடுங்கள். நகத்தால் சுரண்டுவதும் டிஷ்யூவால் தேய்ப்பதும் எச்சத்தைவிட மோசம்.

தாருக்கு டீசல் போடும் வழக்கம் மேட்டில் எண்ணெய்த் திட்டாக முடியும். தின்னர் கிளியரையே இளக்கும். தார் ரிமூவரை ஒரு துணியில் நனைத்து இரண்டு நிமிடம் வைத்து ஒற்றுங்கள். கைரேகை, சன்ஸ்கிரீன் பிசுக்குக்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் ஐந்து பங்கு போதும். ஒட்டிய அழுக்கைத் தேய்த்து எடுக்கும் களிமண் பார் (கிளே பார்) வேண்டாம். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமத்தைப் போனட்டில் வைக்காமல் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வையுங்கள். மாலையை டேப் போட்டு ஒட்டினால் அன்றே எடுத்துவிடுங்கள். டயர் பாலிஷை நேராக ஸ்ப்ரே செய்தால் சிலிகான் ஃபெண்டரில் தெறிக்கும். ஸ்பாஞ்சில் தடவி டயரில் போடுங்கள்.

கோட்டிங், பிபிஎஃப், பெயிண்டிங்

சாதாரண செராமிக் கோட்டிங்கை மேட்டில் போட்டால் நிறம் அடர்ந்து மினுமினுப்பு ஏறலாம். மேட்டுக்கென்றே வருவதைப் போட்டாலும் ஆபத்து துடைப்பில் இருக்கிறது. துடைபடாமல் கோட்டிங் அதிகமாக நின்றுபோன இடத்தைப் பளபளப்பு வண்டியில் பாலிஷ் போட்டு எடுப்பார்கள், இங்கே அது கறுத்த திட்டாக அப்படியே இருக்கும். இரண்டடிக்கு இரண்டடி என்று போட்டு, விளக்கைச் சாய்த்துப் பார்த்துத் துடைத்த பிறகே அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். நம் வெயிலில் அது பாட்டிலில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே இறுகிவிடும். பிபிஎஃப் என்றால் மேட் படலமா என்று ரோலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பளபளப்புப் படலம் ஒட்டினால் மேட்டே போய்விடும்.

கீறலுக்கு டச்சப் பேனா வாங்கிப் பூசுவது அடுத்த தவறு. சாதாரண பெயிண்டில் கிளியரைப் பாதியில் நிறுத்தி, சேருமிடத்தைப் பாலிஷ் போட்டு மறைத்துவிடுவார்கள். மேட்டில் அந்த வழி இல்லை, பேனல் முழுக்க விளிம்பு வரை அடித்தாக வேண்டும். ஒரு தூசு விழுந்தாலும் 2000 நம்பர் உப்புத்தாள் போட்டுச் சமன்செய்ய முடியாது. திரும்ப அடிக்கத்தான் வேண்டும். சிலிக்கா டப்பாவின் அடியில் படியும் என்பதால் சரியாகக் கலக்கவில்லை என்றாலே மினுமினுப்பு மாறும். கோட்டின் கனமும் இரண்டு கோட்டுக்கு இடையில் காயவிடும் நேரமும்கூட அதை மாற்றும். அதனால் முதலில் ஒரு அட்டையில் அடித்துக் காயவைத்து, வெயிலில் பக்கத்துப் பேனலோடு சாய்த்துப் பார்த்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள். புதிதாக அடித்த பேனலில் பிபிஎஃப் ஒட்டுவதற்கு ஒரு மாதமாவது பொறுங்கள். உள்ளே இருக்கும் சால்வென்ட் வெளியேறாவிட்டால் குமிழ் எழும்.

சர்வீசுக்கு விடும்போது ஜாப் கார்டில் "மேட் பெயிண்ட், வாட்டர் வாஷ், பாலிஷ் வேண்டாம்" என்று எழுத வையுங்கள். அதே வரியை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கிலும் ஒட்டுங்கள். ஜாப் கார்டு மேசையில் கிடக்கும். வாஷ் பண்ணுகிற பையன் கண்ணில் படுவது ஸ்டியரிங்தான்.