சூடானதும் நின்றுபோகும் பழைய கார்
என்னுடையது 1988 மாடல், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள வண்டி. காலையில் ஒரே கிராங்கில் எடுக்கும். மே மாத வெயிலில் தாம்பரம் சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். அரை மணி நேரம் ஆறினால்தான் மறுபடி உயிர் வரும். இந்தக் கோளாறை வண்டி ஆறிய பிறகு தேடினால் சிக்கவே சிக்காது. நின்ற உடனே பாருங்கள்.

முதலில் பெட்ரோல். சாவியை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) கையால் திறங்கள். கார்புரேட்டருக்குள்ளே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். சொட்டுக்கூட வராவிட்டால் பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு, பம்ப் கோளாறு, அல்லது சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகியிருக்கும்.

அப்புறம் ஸ்பார்க், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி. ஏர் ஃபில்டரை மூடி, பெட்ரோல் சிந்தவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உதிரி ஸ்பார்க் பிளக்கை பிளக் ஒயரில் மாட்டி இன்ஜின் இரும்போடு சேர்த்து வையுங்கள். கிராங்க் செய்யும்போது கையால் பிடிக்கவே கூடாது, ஷாக் பலமாக அடிக்கும். பளிச்சென்ற நீலப்பொறி என்றால் சரி. பொறி மங்கலாகவோ இல்லாமலோ போனால் பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலையும், அதற்குத் துணையான கண்டன்சரையும் சந்தேகப்படுங்கள். எனக்குக் காயில்தான்: சூட்டில் உள்சுருள் விட்டுப்போய், ஆறியதும் சேர்ந்துகொண்டது. மாற்றினேன், தீர்ந்தது.

காலையிலேயே ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். இன்ஜின் ஓடாமல் ஓய்வில் இருக்கும்போது, முழு சார்ஜ் உள்ள பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும்.