மறுநாள் யார் பார்ப்பார்கள்? குழந்தைகளுக்கான வெளிநாட்டுப் பல், அறுவை சிகிச்சை முகாமுக்குப் போகிறவர்களுக்கு

நான் குழந்தைகளுக்கான பல் மருத்துவர். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு (பிறவியிலேயே உதடோ மேல்வாயோ பிளந்திருப்பது) அறுவை சிகிச்சை செய்யும் குழுக்களோடு பதினொரு முறை வெளிநாடுகளுக்குப் போய் வந்திருக்கிறேன். முதல் பயணத்தில் நாங்கள் இரண்டு பல் மருத்துவர்கள். ஐந்து நாளும் நிமிராமல் பல் பிடுங்கினோம். எத்தனை குழந்தைகள், எத்தனை பற்கள் என்று தினமும் இரவில் கூட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து அங்கிருந்த செவிலியர் ஒரு படம் அனுப்பினார். ஆறு வயதுப் பையன். தாடைக்குக் கீழே வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். எந்தப் பல்லை எடுத்தோம், என்ன மருந்து கொடுத்தோம் என்று அங்கே யாரிடமும் எழுத்தில் இல்லை. சீட்டுகள் எல்லாம் எங்கள் பெட்டியில், எங்களோடு வந்துவிட்டன. அவனை லாரியில் ஏற்றி, அரை நாள் பயணத்தில் இருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் அந்தச் செவிலியர்தான். பையன் பிழைத்தது அவரால்.

அதிலிருந்து எந்த அழைப்பு வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: நாங்கள் கிளம்பிய மறுநாள் இந்தக் குழந்தைகளை யார் பார்ப்பார்கள்? பதிலாக ஒரு ஆளின் பெயரும் தொலைபேசி எண்ணும் வர வேண்டும். வரவில்லை என்றால் நான் போவதில்லை. நீங்களும் போக வேண்டாம்.

எந்தக் குழுவோடு போவது

இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டாக்டர் டொனால்ட் லாப் 1969இல் இன்டர்பிளாஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். இன்று அதன் பெயர் ரீசர்ஜ் இன்டர்நேஷனல். பிலிப்பைன்ஸின் நாகா நகருக்குப் போன அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர் மகீக்கும் அவர் மனைவிக்கும், வந்த குழந்தைகளில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வேதனையிலிருந்து 1982இல் பிறந்தது ஆபரேஷன் ஸ்மைல். 1999இல் வந்த ஸ்மைல் டிரெய்ன் வேறு வழியில் போனது. வெளியிலிருந்து மருத்துவர்களை அனுப்பாமல், உள்ளூர் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் பணமும் கொடுத்தது. என் மனம் இந்தப் பக்கம்தான் சாயும். பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை கிடைக்காதவர்கள் உலகில் 500 கோடிப் பேர் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015இல் சொன்னது. ஒரு வாரப் பயணங்களை வைத்து அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட முடியாது. ஆனால் உங்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட உள்ளூர் மருத்துவர் வருஷம் முழுக்க அங்கேயே இருப்பார்.

அதனால் குழுவிடம் நேராகக் கேளுங்கள். அறுவை அரங்கில் உள்ளூர் மருத்துவர் கையுறை போட்டு நிற்பாரா, ஓரமாக நின்று பார்ப்பாரா? போன வருஷம் எத்தனை குழந்தைகளுக்குத் தையல் விட்டது, எத்தனை அண்ணத்தில் ஓட்டை விழுந்தது என்ற கணக்கு இருக்கிறதா? ‘சிக்கலே வந்ததில்லை’ என்று பதில் வந்தால், திரும்பிப் போய் யாரும் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று. உங்கள் சொந்த மருத்துவமனையில் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லாத எதையும் அங்கே செய்யாதீர்கள். மாணவர்களுக்கு இதை அழுத்தியே சொல்கிறேன். ஏழைக் குழந்தையின் வாய் கை பழகும் இடம் இல்லை.

காகிதமும் ஊசியும்

ஏழு, எட்டு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். அந்த நாட்டு மருத்துவ அல்லது பல் மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, சான்றிட்ட பட்ட நகல்கள், கொண்டுபோகும் மருந்துகளின் பட்டியல் எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. அதற்குப் பிறகு எதிர்ப்புசக்தி வந்துவிட்டதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி குத்திக்கொண்டால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, தொடங்க வேண்டும். அது அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் குழுவே எடுத்துப் போக வேண்டும்.

பல் வேலை

புதிதாக வருகிறவர்கள் பெரிய இயந்திரங்களோடு வருகிறார்கள். மின்சாரம் போனதும் எல்லாம் நின்றுவிடும். என் பெட்டியில் முதலில் இருப்பவை கைக்கருவிகள், கிளாஸ் அயனோமர் சிமெண்ட், 38 சதவீத சில்வர் டயமைன் ஃப்ளோரைடு. சொத்தையைக் கையாலேயே சுரண்டி எடுத்து, சிமெண்ட் வைத்து அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் உருவானது. துளையிடும் இயந்திரம் வேண்டாம், பெரும்பாலும் ஊசியும் வேண்டாம். சில்வர் டயமைன் ஃப்ளோரைடோ ஒரு துளியைத் தடவினாலே பெரும்பாலான சொத்தைகள் பரவாமல் நின்றுவிடும். கிளாஸ் அயனோமர் சிமெண்ட், சில்வர் டயமைன் ஃப்ளோரைடு இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் சில்வர் பட்ட சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும். இதைத் தடவுவதற்கு முன்பே, படம் காட்டி, தாயிடம் சொல்லிவிடுங்கள். முன்பல் என்றால் இரண்டு முறை சொல்லுங்கள். மறுநாள் குழந்தையின் பல் கறுத்ததைப் பார்த்து அழுத ஒரு தாயை எனக்கு நினைவிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் சொல்லியிருப்பார் என்று நான் விட்டுவிட்டேன்.

பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் எடை பாருங்கள். எடை இயந்திரத்தை நீங்களே கொண்டுபோங்கள். குழந்தைகளுக்கு லிடோகெயின் (மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்து) உச்ச அளவாக நான் வைத்திருப்பது கிலோவுக்கு 4.4 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு 66 மில்லிகிராம். 2 சதவீத மருந்துள்ள 1.8 மில்லி குப்பி ஒன்றில் 36 இருக்கும். அதாவது இரண்டாவது குப்பி முடிவதற்குள்ளேயே எல்லை தாண்டிவிடும். சத்துக் குறைந்த குழந்தைகள் வயதுக்குரிய எடையில் இருக்க மாட்டார்கள். கண்மதிப்பு அங்கே ஆபத்து. வாயின் நான்கு பக்கத்தையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள்.

ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லைப் பால் பல் என்று நினைத்துப் பிடுங்கிய பிழையை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் வேறு பல் வராது. முன்பற்களின் நடுவிலிருந்து எண்ணுங்கள், உதவியாளரையும் எண்ணச் சொல்லுங்கள், அப்புறம் கருவியை எடுங்கள்.

கீழ்த்தாடை மரத்துப்போன குழந்தை தன் உதட்டைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். மறுநாள் அது வெள்ளையாக வீங்கும். சீழ் வைத்துவிட்டது என்று வீட்டார் பயப்படுவார்கள். உணர்வு திரும்பும் வரை பஞ்சைக் கடிக்க வைத்து, பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள்.

வாயைப் பார்க்கும்போது ஈறையும் பாருங்கள். நோமா என்ற நோய் இரண்டு முதல் ஆறு வயதுக் குழந்தைகளை அதிகம் பிடிக்கும். ஈறுப் புண்ணாகத் தொடங்கி, சில நாட்களில் கன்னத்தையே அரித்துவிடும். 2023 டிசம்பரில்தான் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது. மெலிந்த குழந்தை, நாற்றமடிக்கும் ஈறுப்புண், வீங்கும் கன்னம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு, அன்றே ஆன்டிபயாடிக்கையும் ஊட்டச்சத்தையும் தொடங்குங்கள். முதல் கட்டத்தில் பிடித்துவிட்டால் முகம் தப்பிக்கும்.

ஒரு நாளில் எத்தனை குழந்தைகளைப் பார்க்கலாம் என்பதை வரிசை தீர்மானிக்கக் கூடாது, ஆட்டோகிளேவ் (நீராவியில் கருவிகளின் கிருமி நீக்கும் இயந்திரம்) தீர்மானிக்க வேண்டும். உங்களிடம் 12 செட் கருவி இருக்கிறது, கழுவி, நீராவியில் வைத்து, உலர்த்தி எடுக்க ஒன்றரை மணி நேரம் என்றால் கணக்கு அங்கேயே தெரிந்துவிடும். ஈரமாக வெளிவரும் பொட்டலம் சுத்தமானது இல்லை, திரும்ப வையுங்கள். சுற்று நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்குங்கள். வாசலில் எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி.

அறுவை சிகிச்சைப் பக்கம்

நான் அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. ஆனால் எந்தக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை என்று தேர்ந்தெடுக்கும் நாளன்று பரிசோதனை மேசையில் ஒவ்வொரு முறையும் இருந்திருக்கிறேன். உதட்டுப் பிளவுக்குப் பழைய ‘பத்து’ விதி இன்னமும் உதவும். வயது 10 வாரம், எடை 10 பவுண்டு (சுமார் 4.5 கிலோ), ஹீமோகுளோபின் 10. அண்ணத்தைப் பொதுவாக 9 முதல் 18 மாதத்துக்குள், பேச்சு ஊன்றுவதற்கு முன் மூடப் பார்ப்பார்கள். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மயக்க மருந்து கொடுக்கக் கூடாது என்று மயக்கவியல் மருத்துவர் சொன்னால் அதுவே முடிவு. இரண்டு நாள் நடந்து வந்த தகப்பனிடம் ‘இப்போது முடியாது’ என்று சொல்வது கொடுமையாக இருக்கும். அதற்காகத் தளர்ந்துவிடாதீர்கள். உட்கார வைத்து, காரணத்தைச் சொல்லி, அடுத்த முறைக்கான பட்டியலில் அவர் கண் முன்னால் பெயரை எழுதி, அதுவரை எடை ஏற என்ன செய்வது என்று உள்ளூர் செவிலியரை வைத்துப் பேசுங்கள்.

வெறும் வயிறு விஷயத்தில் எங்கள் குழுவே தவறியிருக்கிறது. தெளிந்த திரவம் 2 மணி நேரம், தாய்ப்பால் 4, பால்மாவோ லேசான உணவோ 6 மணி நேரம் என்பது விதி. ஒரு நாள் அரங்கில் வேலை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஐந்து மாதக் குழந்தை 11 மணி நேரம் பட்டினி கிடந்தது. யாரும் போய்த் தாயிடம் ‘இப்போது பால் கொடுக்கலாம்’ என்று சொல்லவில்லை. இப்போது வார்டில் கரும்பலகை வைத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் கடைசியாகக் கொடுத்த நேரம், அடுத்துக் கொடுக்கலாமா என்பதை எழுதுகிறோம். சின்னக் குழந்தைகளை முதலில் எடுக்கிறோம்.

2008இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உண்டு. அதை உள்ளூர் செவிலியர் அவர் மொழியில் உரக்கப் படிக்கட்டும். ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் இருந்ததை அப்படித்தான் ஒரு முறை கண்டுபிடித்தோம். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கருவி) இல்லாமல் ஒரு குழந்தைக்கும் மயக்க மருந்து கூடாது. குழந்தை கண் விழித்த பிறகும், முதல் இரவு முழுவதும் அது விரலில் இருக்கட்டும். அண்ணத் தையலில் ரத்தம் கசிவது அந்த இரவில்தான். அதனால் அண்ணங்களை வாரத்தின் முதல் நாட்களிலும் உதடுகளைப் பின்னாட்களிலும் வையுங்கள். கடைசி அறுவை சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது இரண்டு நாளாவது குழு தங்க வேண்டும்.

பேச்சும் படமும்

‘வலிக்காது’ என்று சொல்லாதீர்கள். வலித்ததும் அந்தக் குழந்தை உங்களை நம்பாது. கருவியைக் காட்டி, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, பிறகு செய்யுங்கள். மொழிபெயர்ப்பாளருக்குச் சின்ன வாக்கியமாகக் கொடுங்கள். அவரைப் பார்க்காமல் தாயைப் பார்த்துப் பேசுங்கள். அக்காவையோ அண்ணனையோ மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். கெட்ட செய்தியை ஒரு சிறுமியின் வாயால் சொல்ல வைக்க நமக்கு உரிமை இல்லை. படம் எடுப்பதற்கான சம்மதத்தையும் சிகிச்சைக்கான சம்மதத்தையும் தனித்தனியாக வாங்குங்கள். படம் வேண்டாம் என்றாலும் சிகிச்சை உண்டு என்பது தாய்க்குத் தெளிவாகப் புரிய வேண்டும்.

விட்டுவிட்டு வருவது

அவர்கள் கேட்டதை மட்டும் கொடுங்கள். மின்னழுத்தம் பொருந்தாத ஒரு உறிஞ்சும் இயந்திரத்தை நாங்கள் ஆசையாகக் கொடுத்தோம். முதல் நாளே எரிந்து போனது. மருந்து என்றால் போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருஷம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

சீட்டு எழுதக் கார்பன் வைத்த புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிரதி குழந்தையின் வீட்டுக்கு, ஒன்று உள்ளூர் சுகாதார நிலையத்துக்கு, ஒன்று உங்களுக்கு. எந்தப் பல், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தையல் நூல், என்ன நடந்தால் உடனே வர வேண்டும் என்று அந்த ஊர் மொழியில் இருக்கட்டும். கிளம்பும் முந்தின நாள் உள்ளூர் செவிலியரோடு உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகப் படியுங்கள். எங்களுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். கவலை தரும் குழந்தைகளின் சீட்டில் மடிப்பு வைப்போம். 7ஆம் நாளும் 30ஆம் நாளும் அவரைக் கூப்பிட்டு, மடிப்பு வைத்தவற்றிலிருந்து கேட்க ஆரம்பிப்பேன். தொலைபேசியில் கிடைக்காத வீடுகளுக்கு அவர் ஆள் அனுப்புவார். அந்த ஆளின் போக்குவரத்துச் செலவைப் புறப்படும் முன்பே குழுவின் கணக்கில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.